சாப்பாட்டு நேர விளையாட்டு: கரண்டியை ஒளிக்காத ஒரு வழிகாட்டி

என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் தினமும் இரவு ஏழரை மணிக்கு ஒரு விமானம் பறக்கும். கரண்டிதான் விமானம். அவன் வாய்தான் விமான நிலையம். விமானி, எஞ்சின் சத்தம், பயணிகளுக்கான அறிவிப்பு எல்லாம் நான். முதல் வாரம் மகிழ்ச்சியாக வாயைத் திறந்தான். இரண்டாம் வாரம் நன்றாகச் சிரித்தான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். மூன்றாம் வாரம் நான் கரண்டியைத் தூக்கியதும் கையைக் குறுக்கே நீட்டி, "விமான நிலையம் மூடியிருக்கிறது" என்று அறிவித்துவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, உள்ளே பட்டாணி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்."

அவள் சொன்னது சரி. நான் விளையாடவில்லை, விளையாட்டு என்ற போர்வைக்குள் கரண்டியை ஒளித்து வைத்திருந்தேன். கெஞ்சுவது, மிரட்டுவது, பூச்சாண்டி காட்டுவது ஆகியவற்றின் சிரித்த முகம்தான் அந்த விமானம். அன்றிலிருந்து ஒரு விளையாட்டைச் சாப்பாட்டுக்கு இடையே கொண்டுவரும் முன் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: குழந்தை ஒரு வாய்கூடச் சாப்பிடாவிட்டாலும் இதைத் தொடர்ந்து விளையாடுவேனா? ஆம் என்றால் அது விளையாட்டு. இல்லை என்றால் அது தந்திரம், குழந்தை அதை மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். எல்லோரும் ஆசையாக ஓடிப்போவது ஐந்தாவது படிக்குத்தான், ஏனென்றால் விளையாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் நான்கையும் தாண்டிக் குதித்தவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "எங்கள் வீட்டில் பலிக்கவில்லை" என்பார்கள்.

படி 1: யாருடைய வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க உணவியல் நிபுணரும் குடும்ப ஆலோசகருமான எலின் சாட்டர் 1980களில் முன்வைத்த ஒரு பாகப்பிரிவினை உலகெங்கும் குழந்தை உணவு ஆலோசகர்களால் இன்றும் சொல்லப்படுகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்ட நேரத்தில் அதை விழுங்குவதுதான் கடினம்.

குழந்தைக்குத் தன் பசி தெரியுமா என்ற சந்தேகம் வரும். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலும் 30களிலும் ஒரு துணிச்சலான சோதனையை நடத்தினார். தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் இருந்த 15 குழந்தைகளுக்குமுன் எளிமையாகச் சமைத்த இயற்கை உணவுகளை வைத்து, எதையும் சிபாரிசு செய்யாமல் தாமாகவே எடுத்துக்கொள்ள விட்டார். பட்டியலில் இருந்தவை 34 உணவுகள். குழந்தைகள் ஒரு நாள் ஒன்றையே தின்றார்கள், மறுநாள் வேறொன்றுக்குத் தாவினார்கள். ஆனால் மொத்தத்தில் நன்றாக வளர்ந்தார்கள். இதில் பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் மிட்டாயோ சர்க்கரையோ இல்லை. தேர்வு குழந்தையுடையது, பட்டியல் பெரியவருடையது. சாட்டர் பிற்காலத்தில் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? "ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான், இப்போது தொடுவதே இல்லை" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. கூடவே, ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் புதிய உணவைக் கண்டால் ஒதுங்கும் பருவம் ஒன்று உச்சத்தை அடைகிறது. தட்டில் எதையோ பார்த்துக் குழந்தை பின்வாங்கினால் அது உங்கள் சமையலைப் பற்றிய விமர்சனம் அல்ல. நடக்கப் பழகிய குழந்தையை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் ஆதி காலத்தில் காத்த எச்சரிக்கை உணர்வு அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படி 2: நேரத்தையும் இடத்தையும் சரிசெய்யுங்கள்

இது சலிப்பூட்டும் படி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தைகளுக்கு இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியில் உணவோ சிற்றுணவோ கிடைக்க வேண்டும். இடையில் தண்ணீர் மட்டும். நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டும் கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தையுடன் எந்த விளையாட்டும் செல்லாது, வயிறு ஏற்கெனவே பேசி முடித்திருக்கும்.

உட்காரும் இடத்தில் கால் தொங்கக் கூடாது. நாற்காலி என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு பலகையோ பெட்டியோ வையுங்கள். கால் அந்தரத்தில் ஆடும்போது உடம்பைப் பிடித்துக்கொள்வதிலேயே குழந்தையின் கவனம் போகிறது. எங்கள் வீட்டில் பழைய மரப்பெட்டி ஒன்றைப் போட்ட அன்றே மகன் எழுந்து ஓடுவது பாதியாகக் குறைந்தது.

திரைகள் அடுத்த அறையில். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டில் செலவழிக்காதீர்கள். பெரியவர்களின் கைப்பேசியும் அதே அறைக்குப் போக வேண்டும். நான் செய்த முதல் மோசடி இதில்தான்: மேசைக்கடியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிடித்துவிட்டாள்.

நேரம் இருபதிலிருந்து முப்பது நிமிடம். அதற்குமேல் இழுப்பது எல்லோருக்கும் தண்டனை.

மேசைக்கு அழைப்பதைச் சட்டென்று செய்யாமல், ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு முறை சொல்லிவையுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவது அவர்களுக்கு நாம் அலுவலகக் கோப்பைப் பாதியில் மூடுவதைப் போன்றது. கை கழுவும்போது இருபது வினாடிகள் வரக்கூடிய பாட்டு ஒன்றைக் குழந்தையையே இட்டுக்கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பாட்டில் இரண்டு வரிதான், இரண்டிலும் "சோப்பு" வருகிறது, இலக்கணம் எங்கும் வரவில்லை.

படி 3: மூன்றே விதிகள்

விதிகள் அதிகமானால் விளையாட்டு செத்துவிடும். ஆனால் சாப்பிடும்போது சிரிக்க வைக்கப் போகிறோம் என்பதால் இந்த மூன்றில் சமரசம் கிடையாது.

உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வாயில் உணவோடு ஓடுவதும் குதிப்பதும் படுப்பதும் கூடாது.

வாய் காலியானால்தான் முறை. பேசுவதோ விளையாட்டில் பங்கெடுப்பதோ விழுங்கிய பிறகுதான். இதை விதியாகச் சொல்வதைவிட விளையாட்டின் அமைப்பிலேயே வைத்துவிடுங்கள்: யாருடைய முறை வருகிறதோ அவர் முதலில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். "காலி" என்று எல்லோரும் சொன்ன பிறகே அவர் பேசலாம். என் மகன் இந்தச் சோதனைக்காகவே முறை வரக் காத்திருப்பான். அதற்காக நன்றாக மென்றும் விடுகிறான், அது நான் திட்டமிடாத லாபம்.

எறிவது இல்லை. ஒரு முறை எறிந்தால் சொல்வோம், இரண்டாம் முறை எறிந்தால் "பசி முடிந்துவிட்டது போலிருக்கிறது" என்று தட்டை எடுத்துவிடுவோம், கோபமில்லாமல்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஐந்து வயது வரை முழுக் கொட்டைப் பருப்புகள், பாப்கார்ன், கடினமான மிட்டாய் ஆகியவை வேண்டவே வேண்டாம். திராட்சையையும் சிறு தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினால் அது இன்னும் மூச்சுக்குழாயை அடைக்கும் உருண்டைதான். பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்காமல் துருவியோ மசிய வேகவைத்தோ கொடுங்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓங்கரிக்கும் குழந்தை இருமும், சத்தம் போடும், முகம் சிவக்கும். பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும், பக்கத்தில் அமைதியாக இருந்தால் போதும். மூச்சடைத்த குழந்தைக்குச் சத்தமே வராது. அப்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டி, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பெலும்பின் மேல் 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு 5 முதுகுத் தட்டுகள், பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்துதல். அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. படித்துத் தெரிந்துகொள்வது போதாது, முதலுதவி வகுப்பு ஒன்றில் பொம்மையின் மேல் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். எவ்வளவு அழுத்தமாகத் தட்ட வேண்டும் என்பது கைக்குத்தான் புரியும்.

படி 4: தட்டைச் சிறிதாக்குங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள்

வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது சிறு குழந்தைகளுக்குப் பரிமாறும் பழைய கணக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு வகையிலும் மூன்று கரண்டி. குறைவாகத் தோன்றும். தோன்றட்டும். குறைவாக இருந்தால் "இன்னும் வேண்டும்" என்று கேட்கும் மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது. குவித்து வைத்தால் நமக்கு ஏமாற்றம்தான் கிடைக்கிறது.

ஒவ்வொரு வேளையும் குழந்தை நிச்சயமாகச் சாப்பிடும் ஒன்றாவது தட்டில் இருக்க வேண்டும். அது இருந்தால் மற்றவற்றைக் குழந்தை பயமில்லாமல் பார்க்கும்.

இனி அந்தக் கிண்ணம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆராய்ச்சிக் கிண்ணம். உள்ளங்கை அளவுதான். "இன்னும் நண்பராகாத" உணவு அதில் ஒரே ஒரு துண்டு. அதைச் சாப்பிட வேண்டிய அவசியமில்லை. தொடலாம், அழுத்தலாம், முகரலாம், பிய்க்கலாம், உதட்டில் வைத்துப் பார்க்கலாம், நாக்கால் தொட்டுவிட்டுக் காகிதத்தில் துப்பலாம். துப்புவதற்கு அனுமதி இருப்பதால்தான் வாயில் வைக்கும் தைரியமே வருகிறது.

பட்டாணி என் மகனின் கிண்ணத்துக்கு முதல் நாள் வந்தபோது அவன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டான். இரண்டாம் நாள் உருட்டினான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நகத்தால் தோலைக் கிழித்து உள்ளே இரண்டு பாதிகள் இருப்பதைக் கண்டுபிடித்து, "இது கதவு" என்றான். அதன்பின் வந்த ஒவ்வொரு பட்டாணிக்கும் கதவைத் திறந்து வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே வேலை. ஒன்றில் எறும்பின் பாட்டி இருந்தார். ஒன்பதாவது வேளையில் ஒரு பாதியை நக்கினான். பதினோராவது வேளையில் எதுவும் சொல்லாமல் மென்றான். நான் தண்ணீர் குடிப்பதைப் போல் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்போது கைதட்டியிருந்தால் பன்னிரண்டாவது வேளை இருந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எண்ணிக்கை அதிசயமானதல்ல. அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புதிய உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதை விரும்பத் தொடங்கினார்கள். எட்டிலிருந்து பதினைந்து முறை வரை அறிமுகம் தேவைப்படலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நான்காவது முறையோடு "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

படி 5: விளையாட்டுகள்

ஒரு வேளைக்கு ஒரு விளையாட்டு, பத்து நிமிடம். அடுக்கிக்கொண்டே போனால் நீங்கள் கேளிக்கை நிகழ்ச்சி நடத்துபவராகிவிடுவீர்கள், குழந்தை பார்வையாளராகிவிடும்.

இரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. நீங்கள் கிண்ணத்தைத் தூக்கினால் அவர்களும் தூக்குவார்கள். நீங்கள் உதட்டைத் துடைத்தால் அவர்களும் துடைப்பார்கள். அந்தப் பாவனையைத் திருப்பி அவர்களுக்கே செய்து காட்டுங்கள்: குழந்தை மேசையை இரண்டு தட்டு தட்டினால் நீங்களும் இரண்டு தட்டு. தலைமை குழந்தையிடம் இருக்கும் விளையாட்டு இது ஒன்றுதான், அதனால்தான் அவர்களுக்கு அது அலுப்பதே இல்லை.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு என் வாக்கு சத்த விளையாட்டுக்கு. எல்லோரும் ஒரே உணவை மென்று, அது எப்படிச் சத்தம் போடுகிறது என்று வாய் காலியான பிறகு சொல்ல வேண்டும். கரகர, மொறுமொறு, நறுக், சளக், சவக். தமிழில் இரட்டைக்கிளவி என்ற செல்வம் இருக்கும்போது இதை விளையாடாமல் விடுவது பாவம். இல்லாத சத்தத்துக்குக் குழந்தை புதிய சொல்லை உண்டாக்கினால் அதை வீட்டு அகராதியில் சேர்த்துவிடுங்கள். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு எங்கள் வீட்டில் "ப்ளுக்ப்ளுக்". சத்தம் சுவையை மாற்றும் என்பதும் உண்மைதான். உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் சத்தத்தை காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் கூட்டிக் கேட்கவைத்தால், தின்பவர்கள் அதை மேலும் மொறுமொறுப்பானது என்று நம்புகிறார்கள் எனக் காட்டியதற்காக சார்லஸ் ஸ்பென்ஸ், மாசிமிலியானோ ஸாம்பினி இருவருக்கும் 2008இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

மோப்ப விளையாட்டு இன்னும் எளிது. கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் இருப்பதை முகர்ந்து சொல்ல வேண்டும். வாயில் எதுவும் போடுவதில்லை, அதனால் பயந்த குழந்தைக்கும் இது ஏற்றது. ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு படி மேலே போகலாம்: நன்றாக மசித்த பழக்கூழ் அரைக் கரண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பா புளிப்பா என்று மட்டும் தெரியும், என்ன பழம் என்று தெரியாது. மூக்கை விட்டதும் பழம் "வந்துவிடும்". நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி வாயின் பின்புறமாக மூக்குக்குப் போகும் மணம்தான். என் மகள் இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மூக்கைப் பிடிக்க வைத்தாள்.

இந்த இரண்டிலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்: "பிடித்திருக்கிறதா?" அதற்கு இரண்டே பதில்தான் உண்டு, இரண்டாவது பதிலைச் சொல்லிவிட்டால் குழந்தை அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். "வழுக்குகிறதா, ஒட்டுகிறதா?" "நேற்றையதைவிடச் சூடா?" என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்வதில் தோல்வியே கிடையாது.

ஆறு வயதுக்கு மேல் சொற்கள் உள்ளே வரலாம். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டை எல்லோரும் ஆடியிருப்போம், தமிழில் அது ஐந்தாவது சொல்லிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். காரணம் இலக்கணம். ண, ன, ள, ழ, ற ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொற்கள் தொடங்குவதில்லை, ஆனால் பல சொற்கள் அவற்றில்தான் முடிகின்றன. எங்கள் வீட்டில் ஒரு திருத்தம் செய்தோம்: அப்படி முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடுக்கலாம், அதன் குறில் நெடில் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். மரம் என்றால் "ம" கிடைக்கிறது, மாடு. மாடு என்றால் "டு", அதுவும் தமிழில் முதலில் வராது, எனவே பின்வாங்கி மீண்டும் "ம", மீன். மீன் என்றால் "ன்" போய் "மீ". மூன்று முறை மகர வரிசையிலேயே சுற்றினால் யாராவது "தப்பி" என்று கத்தித் தம் விருப்ப எழுத்துக்குத் தாவலாம். இந்தத் "தப்பி"க்காகவே அவர்கள் விளையாடுகிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். ஆங்கிலச் சொல்லை அனுமதிப்பதா என்பது பற்றி இன்னும் குடும்பத்தில் ஒருமித்த கருத்து இல்லை. லாரி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நாப்பிறழ்ச் சொற்றொடர்கள், விடுகதைகள், மூன்று செய்திகளில் எது பொய் என்று கண்டுபிடிப்பது ஆகியவையும் நன்றாக நடக்கும். நாப்பிறழ்வை மட்டும் சாப்பாடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புரையேறினால் யாருக்கும் சிரிப்பு வராது.

செய்யக் கூடாத ஒரு விளையாட்டு: யார் முதலில் முடிப்பது. வேகமாக விழுங்குவது ஆபத்து. அதைவிட மோசம், இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்போதும் ஒரே பிள்ளைதான் தோற்கும். "அக்காவைப் பார், எப்படிச் சாப்பிடுகிறாள்" என்பதும் இதன் தங்கைதான்.

படி 6: பேச்சையும் பரிமாறுங்கள்

சாப்பாட்டு நேரத்து உரையாடலை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோ முக்கியமானவர். சின்னக் குழந்தைகள் மேசையில் கேட்கும் கதைகள், விளக்கங்கள், அன்றாடம் புழங்காத அரிய சொற்கள் ஆகியவை பிற்கால மொழித் திறனோடு தொடர்புள்ளவை என்பதை அவருடைய குழுவின் ஆய்வுகள் காட்டின. "நேராக உட்கார்", "சிந்தாதே", "சீக்கிரம்" ஆகிய மூன்று சொற்களிலேயே ஒரு வேளை முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் "உங்களுக்குத் தெரியுமா" என்ற வகையில் 20 கேள்விகளை உருவாக்கினார்கள். அப்பாவும் அம்மாவும் எங்கே சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பவை போன்றவை. குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகம் காணப்பட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே: வாரத்துக்கு ஒரு நாள், என் தோல்வி ஒன்றைக் கதையாகச் சொல்வது. பள்ளி நாடகத்தில் மரமாக நடித்து, மேடையில் தும்மிய கதைக்கு இப்போது பதினாறாவது முறையாக விண்ணப்பம் வந்திருக்கிறது.

"இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதில் நிச்சயம். "இன்று யார் திட்டு வாங்கினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் உங்களுக்குப் பேச இடமே கிடைக்காது.

படி 7: கெட்ட நாளுக்குத் தயாராக இருங்கள்

அந்த நாள் வரும். தட்டைத் தள்ளுவார்கள், அழுவார்கள், நேற்று இரண்டு முறை கேட்டு வாங்கியதை இன்று நஞ்சைப்போல் பார்ப்பார்கள். அன்று விளையாட்டைக் கிளப்பாதீர்கள். அழும் குழந்தைக்கு முன் விமானம் ஓட்டுவது அவமதிப்பு.

சொல்ல வேண்டிய வாக்கியம் சிறியது: "சரி, சாப்பிட வேண்டாம். எங்களோடு கொஞ்சம் உட்கார்ந்திரு." ஐந்து நிமிடம் கழித்து எழுந்து போகலாம். அடுத்த வேளை எப்போது என்று சொல்லிவிடுங்கள், அதுவரை வேறு எதையும் சமைத்து நீட்டாதீர்கள். முதல் சில நாட்கள் நம் வயிறுதான் பிசையும்.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. மழலையர் வயதுக் குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, சில வேளைகளில் மட்டும் "சூப்பை முடித்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டபோது குழந்தைகள் கூடுதலாகக் குடித்தார்கள், சொன்னபோது சூப்பைப் பற்றி முணுமுணுப்பு பல மடங்கு எழுந்தது. பரிசு காட்டுவதும் இதே கதைதான். பர்ச் 1984இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. "காயைச் சாப்பிட்டால்தான் இனிப்பு" என்னும்போது காய் ஒரு தண்டனை, இனிப்பு அதற்கான கூலி என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். இனிப்பு உள்ள நாளில் சிறிய துண்டை மற்ற உணவோடு சேர்த்தே பரிமாறிவிடுங்கள். முதலில் அதைத்தான் தின்பார்கள். தின்னட்டும்.

சில அறிகுறிகள் விளையாட்டுக்கு அப்பாற்பட்டவை. எடை குறைவது அல்லது நீண்ட நாள் ஏறாமல் நிற்பது, அடிக்கடி புரையேறுவது, விழுங்கும்போது வலி, ஏற்றுக்கொள்ளும் உணவுகளின் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே சுருங்கிக்கொண்டே போவது, ஒரு வகை உணவு முழுவதையும் கண்டாலே நடுங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உணவைத் தவிர்ப்பது ஒரு தனிக் கோளாறாகவே இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் 2013இல் ஏற்றுக்கொண்டது. அதை அடம் என்று நினைத்துக் கடந்துபோய்விடக் கூடாது.

இன்னொரு கெட்ட நாளும் உண்டு: களைத்துப்போனது நீங்கள். அன்று எதுவும் செய்யாமல் சாப்பிட்டு எழுந்துவிடுங்கள். 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு, வாரத்தில் மூன்று வேளையோ அதற்கு மேலோ குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடும் வீடுகளின் பிள்ளைகளிடம் உணவுப் பழக்கம் ஆரோக்கியமாக இருப்பதைக் கண்டது. இருபத்தொன்றில் மூன்று. அது காலை உணவாகவும் இருக்கலாம், ஒரே ஒரு பெற்றோரும் ஒரு குழந்தையுமாகவும் இருக்கலாம்.

படி 8: முடிப்பதைக் குழந்தையிடம் கொடுங்கள்

தட்டு காலியானதும் எழுந்து ஓடுவதாக இல்லாமல், ஒருவர் முடித்துவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாள் மகள், ஒரு நாள் மகன். முடிப்பவர் மூன்று வேலை செய்வார்: அன்றைய உணவுகளில் ஒன்றுக்குப் புதுப் பெயர் சூட்டுவது, மேசையில் சிந்தியவற்றை எண்ணிச் சொல்வது, "கூட்டம் கலைகிறது" என்று அறிவிப்பது. எண்ணிய பிறகு அவரவர் சிந்தியதை அவரவரே துடைக்க வேண்டும். எண்ணுபவர் தம் பக்கத்தைக் குறைத்து எண்ணுவார், அதற்கென்றே மறு எண்ணிக்கை கோரும் உரிமையை மற்றவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

பெயர்சூட்டல் மகனின் களம். முட்டைக்கோஸை அவன் இன்றுவரை தின்றதில்லை. அது ஆராய்ச்சிக் கிண்ணத்துக்கு இருபது முறைக்கு மேல் வந்து போய்விட்டது. "போர்வைக்காய்" என்று பெயர் வைத்து, இதழ் இதழாகப் பிரித்து, சுண்டுவிரலைத் தூங்க வைத்து, ஒரு முறை என் சுண்டுவிரலையும் தூங்க வைத்திருக்கிறான். நேற்று அவனே முடித்துவைக்கும் நாள். ஒரு துண்டை எடுத்து முன்பல்லால் லேசாகக் கடித்தான், காகிதத்தில் துப்பினான், வாயைத் திறந்து காட்டினான். "காலி" என்றோம்.

"சத்தம் மட்டும் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தான்.